முன்னறைக் கொக்கி

என் தங்கை புருஷனை எங்கள் தெருவில் எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதை ஒரு பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பது அவர் கண்ணில் படுவதில்லை. அவர் பார்வை எப்போதும் மேலேதான். தரையை விட்டு ஒரு சாண் கூடக் கிளம்பாத பைலட் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தொழில் என்று ஒன்று இல்லாமல் இல்லை. புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின், மருந்து தெளிக்கும் மெஷின் இவற்றிலெல்லாம் இருக்கிற சின்ன பெட்ரோல் எஞ்ஜினைப் பழுது பார்ப்பார். அதில் கெட்டிக்காரர், மறுக்க மாட்டேன். செத்துப்போன எஞ்ஜினைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார். அதோடு நின்றிருந்தால் என் தங்கை நிம்மதியாக இருந்திருப்பாள். ஒரு நாள் யாரோ ஒரு மனிதர் பழுது பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்து இறக்கிய மெஷின் இவர் புத்தியைக் கெடுத்துவிட்டது. அதுதான் பாராமோட்டார்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். முதுகில் மாட்டிக்கொள்கிற மின்விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன எஞ்ஜின், அதன் பின்னால் சுற்றுகிற ப்ரொபெல்லர், கையோ கயிறோ அதில் சிக்காமல் இருக்க வலை கட்டிய வட்டக் கூண்டு, அடியில் பெட்ரோல் டேங்க், உட்காருவதற்கு வார் வைத்துத் தைத்த இருக்கை. தலைக்கு மேலே பாராசூட் மாதிரி விரிகிற நீளமான துணி இறக்கை. இறக்கையைக் காற்றில் எழுப்பி, ஓடி, கையிலிருக்கிற ஆக்சிலரேட்டரை அழுத்தினால் விசிறி பின்னாலிருந்து தள்ளும், ஆள் மேலே போவார். பழுது பார்க்கக் கொடுத்தவர் அப்படித்தான் போனாராம். நம்மவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தூக்கிய கழுத்தை அப்புறம் இறக்கவே இல்லை.

"இதுல என்னக்கா இருக்கு? நானே செஞ்சுடுவேன்," என்றார் என்னிடம்.

"புல் வெட்டுற மெஷினை முதுகுல கட்டிக்கிட்டுப் பறக்கலாம்னா, தோட்டக்காரங்க எல்லாம் மேலயேல்ல இருப்பாங்க மாப்பிள்ளை?"

அவருக்குக் கோபம் வரவில்லை. பெரிய காரியம் செய்யப்போகிறவர்கள் சின்ன மனிதர்களை மன்னிக்கிற ஒரு சிரிப்பு உண்டே, அதைச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

பட்டறை சின்னது, கூண்டு பெரியது. அதனால் மெஷின் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தது. முதலில் நாற்காலிகள் ஒதுங்கின. பிறகு டி.வி. சமையலறைக்குப் போனது. வருகிறவர்கள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். என் தங்கை காலை மடக்கி உட்கார்ந்து ஒரு பத்திரிகை புரட்டக்கூட அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று. அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் மெஷினில் ப்ரொபெல்லரை எஞ்ஜின் தண்டிலேயே நேராக மாட்டினார். கையகலப் ப்ரொபெல்லர், அசுர வேகம். போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போனது. ஒரு வாரம் சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சத்தம்தான், தள்ளவில்லை. இரண்டாவதில் பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்துப் பெரிய ப்ரொபெல்லராக வைத்தார். அது தள்ளியது. ஆனால் ப்ரொபெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் அதை மாட்டியிருக்கிற ஆளை எதிர்ப்பக்கம் திருகுமாம். மைதானத்தில் நேராக ஓடப் புறப்பட்டவர் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். எஞ்ஜினைத் துளி சாய்த்து மாட்டித் திருகலைச் சரி செய்தார். திருகல் நின்றதும் மூக்குக் குத்தல் ஆரம்பித்தது. ஓடுவார், இறக்கை எழும்பும், ஆக்சிலரேட்டரை அழுத்துவார், அவ்வளவுதான், முகம் தரையில். எதனால் என்று தெரியவில்லை. அவருக்கு எல்லா மெஷினிலும் கோளாறு தெரியும், தன்னிடம் இருப்பது மட்டும் தெரியாது.

"ஓடுறதுலதான் பிரச்சினை. சக்கரம் வச்சுட்டா?" என்று மூன்று சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்தார். உட்கார்ந்துகொண்டே கிளம்பலாமாம். இறக்கை ஒரு பக்கம் இழுத்தது, வண்டி ஒரு பக்கம் போனது, கடைசியில் மைதானத்து ஓரத்தில் இருந்த கோல் போஸ்டுக்குள் வண்டியோடு புகுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் அடித்த ஒரே கோல் அது. பிறகு பெட்ரோலே வேண்டாம் என்று பேட்டரியில் ஒன்று. சத்தமில்லை, புகையில்லை, இறக்கை தலைக்கு மேலே வருவதற்குள் அதற்கு மூச்சுமில்லை.

இதற்கு நடுவில் படிப்பு வேறு. ஊருக்கு வெளியே அதே மைதானத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கிற கோச் ஒருவர் இருந்தார். மோட்டார் இல்லாமல், வெறும் இறக்கையோடு மலைச்சரிவிலிருந்து ஓடி இறங்குவதுதான் முதல் பாடம். நம்ம பைலட் முதல் நாளே கணுக்காலைப் பிசக்கிக்கொண்டு படுத்துவிட்டார். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். வீணாகப் போகிறதே என்று மிச்சப் பாடத்துக்கெல்லாம் என் தங்கையை அனுப்பி வைத்தார், குறிப்பு எடுத்து வந்து தனக்குச் சொல்லச் சொல்லி! அவளும் போனாள். சரிவிலிருந்து இறங்கினாள், இறக்கையைக் காற்றில் பிடித்து நிறுத்தக் கற்றாள், வந்து இவர் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். கால் சரியானதும் இவரும் போய் மலையிலிருந்து இறங்கி வந்தார். இறங்குவதில் என்ன இருக்கிறது? கல்லும்தான் இறங்குகிறது.

இறக்கை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கடையில் எடை கேட்பார்கள். ஆள் எடை, மெஷின் எடை இரண்டையும் கூட்டித்தான் இறக்கையின் அளவு. நம்மவர் சொன்னது கல்யாணத்தன்று இருந்த எடை. அப்போது அவர் ஈர்க்குச்சி. இப்போது அவர் மாடிப்படி ஏறினால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற என் தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாளாம். "பார்வை எதுக்கு? குறைச்சுக்குவேன்ல," என்றாராம்.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். கூண்டிலிருந்து தோளின் இரண்டு பக்கமும் முன்னால் நீளுகிற இரண்டு கம்பிகள் உண்டு. இறக்கையின் கயிறுகளை அந்தக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். கம்பியில் எந்த இடத்தில் என்பதில்தான் உயிரே இருக்கிறது. மாட்டுகிற இடம் தப்பினால் ஆள் மேலே போனதும் குப்புறக் கவிழ்வார், இல்லை மல்லாந்து காலைத் தூக்கிக்கொள்வார். அதைத் தரையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மெஷினோடு ஆளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறார் என்று அளந்து பார்ப்பது. கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் சரி.

கூரையில் தொங்கவிட இடம் எது? முன்னறை ஃபேன் மாட்டியிருந்த இடம். ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, உத்தரத்துக்கு இரும்புப் பட்டை கொடுத்து, மாடு கட்டினாலும் தாங்குகிற மாதிரி ஒரு கொக்கியை அடித்தார். வீட்டில் விசிறி நாலுக்குக் குறையாமல் கிடந்தது, காற்று மட்டும் இல்லை.

யார் தொங்குவது, யார் அளப்பது என்ற கேள்வியே எழவில்லை. "அளக்குறது எஞ்ஜினியர் வேலை. தொங்குறது யாரு வேணா தொங்கலாம்," என்று சாய்வு பார்க்கிற ரசமட்டத்தையும் டேப்பையும் அவர் எடுத்துக்கொண்டார். அந்த யாரு வேணா என் தங்கை. ஒவ்வொரு மெஷினுக்கும் அவள்தான் தொங்கினாள். இவர் கீழே மண்டி போட்டுக்கொண்டு கம்பியில் துளை போடுவார், அடைப்பார், மறுபடியும் போடுவார். நான் போகும்போதெல்லாம் அவள் பாதி உயரத்தில் உட்கார்ந்தபடி மடியில் கிண்ணம் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள்.

"உனக்கு வெக்கமா இல்லையாடி? சட்டையைக் காயப்போட்ட மாதிரி உன்னைத் தொங்க விட்டிருக்காரே!"

"இங்க உக்காந்தா முதுகு வலிக்கலக்கா," என்பாள். தொங்கியபடியே காலை லேசாக ஆட்டிக்கொள்வாள். பாவம், பழகிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மெஷின்தான் கடைசி மெஷின். அலுமினியச் சட்டம், நாலு துண்டாகக் கழற்றி மாட்டுகிற கூண்டு, எடையே இல்லை. அதற்கு இருக்கை தைக்க என்னிடம் வந்தார். பஸ் சீட்டுக்கும் லாரித் தார்ப்பாய்க்கும் தைக்கிற கடை என்னுடையது. துணை ஆளாக என் தங்கையையும் கூட்டி வந்திருந்தார்.

"யாரு அளவுக்குத் தைக்கணும்?" என்று கேட்டேன்.

"தொங்குறவ அளவுக்குத்தான். ஆங்கிள் பிடிக்கணும்ல? அப்புறம் மாத்திக்கலாம்."

மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று தோள்வாரில் பக்கிள் வைத்தேன். அவர் முகம் சுளித்தது. ஆகாயத்தில் பக்கிள் நழுவினால் உயிர் போகும், இழுத்து வைத்த இடத்திலேயே மேலே தையல் போட்டுவிடுங்கள் என்றார். நானும் நைலான் நூலில் நாலு வரிசை குறுக்குத் தையல் போட்டுக் கொடுத்தேன். என் தையல் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை. மாத்திக்கலாம் என்று சொன்னவர் ஆங்கிள் பிடித்த சந்தோஷத்தில் அதை அப்படியே மறந்துவிட்டார். பழைய மெஷின்களிலும் இதே கதைதான், அங்கே தையலுக்குப் பதில் நட்டும் போல்ட்டும்.

அந்த வருஷம் வெயில் ஆளைக் கொன்றது. ஒரு மத்தியானம் அந்த முன்னறையில் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்று, வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்து, எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மாப்பிள்ளை, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இதுவும் பறக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"பறக்கும்கா."

"பறக்கலைன்னா?"

மண்டி போட்ட நிலையிலேயே நிமிர்ந்து பார்த்தார். வீம்புக்காரர் ஆயிற்றே. "பறக்கலைன்னா மைதானத்துலயே பிரிச்சுப் போட்டுடுறேன். ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுறேன். அந்தக் கொக்கியில ஃபேனைத் திரும்ப மாட்டிடுறேன், சத்தியம்!"

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேலே பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தியிருந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மெஷின் பறக்கக் கூடாது என்று அன்றிலிருந்து மனசார வேண்டிக்கொண்டேன்.

அந்தக் காலையும் வந்தது. மைதானத்தில் பனி இன்னும் உலரவில்லை. காற்று முகத்துக்கு நேராக, சீராக வீசியது. இதைவிட நல்ல காற்று கிடைக்காது என்றார் கோச். என் தங்கை இறக்கையைப் புல்லில் விரித்துக் கயிறுகளைச் சிக்கெடுத்து வைத்தாள். பைலட் மெஷினை மாட்டிக்கொண்டு எழுந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் பையைப் பத்தாம் வகுப்புப் பையன் மாட்டிக்கொண்ட மாதிரி, எஞ்ஜின் பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஓடினார். இறக்கை அழகாக எழும்பியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினார். பிடரியில் இருந்த எஞ்ஜின் பிடரியையே பிடித்துத் தள்ளியது. விழுந்தார். எழுந்து, தட்டிக்கொண்டு, மறுபடி ஓடினார், மறுபடி விழுந்தார். மூன்றாம் தடவை இன்னும் வேகமாக ஓடி இன்னும் தூரத்தில் போய் விழுந்தார். மண்ணைக் கவ்வினான் என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதை நேரில் பார்த்தது அன்றுதான். மூக்கில் ரத்தம், பல்லில் புல்.

கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் பார்க்காமலேயே, "அந்த ஸ்பேனரை எடுங்கக்கா," என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், சரி. நான் ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தேன். முன்னறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை தைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் என் தங்கை வாயைத் திறந்தாள்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை மாட்டிப் பார்க்குறேன்."

"உனக்கு என்ன பைத்தியமாடி?" என்று கத்தினேன். "அவரு விழுந்தா மூக்கோட போச்சு. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"எத்தனை வருஷமா இதுல உக்காந்திருக்கேன், அக்கா? நின்னுதான் பார்த்ததில்ல."

கோச் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மலைச்சரிவில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர். "நான் ரேடியோவுல சொல்றதை மட்டும் கேளுங்க. வேற யாரு கத்தினாலும் காதுல போட்டுக்காதீங்க," என்று பைலட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி, அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டினார்.

அவள் வார்களில் கையை நுழைத்தாள். எழுந்து நின்றாள். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எஞ்ஜின் அவள் முதுகில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கம்பிகள் தோளை உரசாமல் நீண்டிருந்தன. ஒரு வார் தொங்கவில்லை, ஒரு வார் பிதுங்கவில்லை. ஐந்து மெஷினையும் அந்த மனிதர் அவளைத் தொங்கவிட்டு, அவளுக்கே அளந்து, அவளுக்கே துளை போட்டு, அவளுக்கே செய்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு தான் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறார். பைலட் ஸ்பேனரோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் ஓடினாள். இறக்கை எழும்பித் தலைக்கு மேலே நின்றது. எஞ்ஜின் சீறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கு தரையில் குத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் கோல் போஸ்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். லேசாகப் பின்னால் சாய்ந்து, முன்னறையில் உட்கார்ந்திருப்பாளே, அதே மாதிரி. ஒரு கிண்ணம் பட்டாணி இருந்தால் உரித்திருப்பாள்.

 எனக்குப் பயத்தோடேயே பெருமையும் பொங்கிக்கொண்டு வந்தது. என் தங்கை, நான் சடை பின்னிவிட்ட பெண், அதோ மரங்களுக்கு மேலே! கீழே நம்ம பைலட், "ஆக்சிலரேட்டரைக் குறை! கூட்டு! இடது பக்கம் இழு!" என்று கையை ஆட்டிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினார். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஓடி ஓடி மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, என் மெஷின் பறக்குதுக்கா," என்றார். கண் கலங்கியிருந்தது. என் பொண்டாட்டி பறக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள்.

அவள் மைதானத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். எஞ்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி, நாலு அடி ஓடி, நின்றாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்குள் அவர் ஸ்பேனரோடு முந்திக்கொண்டார்.

"கயிறு மாட்டுற இடத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளி, உங்க அக்காகிட்ட அந்தத் தோள்வாரைப் பிரிக்கச் சொன்னா, எனக்கும் சரியா இருக்கும்..."

கம்பியில் அவர் வைத்த கையை அவள் எடுத்து அந்தப் பக்கம் விட்டாள்.

"இதைத் தொடாதீங்க. இது என்னோட அளவு. உங்களுக்கு வேணும்னா வேற ஒண்ணு செய்யுங்க."

"வேற ஒண்ணா? பறக்கலைன்னா பிரிச்சுடணும்னு உங்க அக்காதான்..."

"இது பறந்துடுச்சுல்ல?"

அவர் ஸ்பேனரைப் புல்லில் போட்டார்.  ஃபேன் போயிற்று, திரைச்சீலை போயிற்று, நான் வாங்கிய சத்தியம் எனக்கே வினையாக வந்து முடிந்தது.

"சரி, செய்யலாம். ஆனா யாரு தொங்குறது?" என்று கேட்டார்.

"நீங்கதான். நான் அளக்குறேன்."

"அளக்குறது எஞ்ஜினியர்..."

"தொங்குறது யாரு வேணா தொங்கலாம்னு சொன்னீங்களே," என்றாள் என் தங்கை. ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, இறக்கையை மடிக்கப் போனாள்.

போன வாரம் புது மெஷினின் இருக்கைக்கு அளவு எடுக்க வரச் சொல்லியிருந்தாள், போனேன். முன்னறையில் இப்போது இரண்டு கூண்டு. நிற்கக்கூட இடமில்லை, புழுக்கம் உயிரை எடுத்தது. கொக்கியில் பைலட் தொங்கிக்கொண்டிருந்தார். வார் இடுப்பில் வெட்ட, முகம் சிவந்து, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல். என் தங்கை ரசமட்டத்தைக் கம்பியில் வைத்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவசரமே இல்லை அவளுக்கு.

எனக்கு இத்தனை வருஷத்துக் கேலியும் நாக்கு நுனியில் வந்து நின்றது. எதை முதலில் விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா... மேல எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்டயாவது சொன்னாளா? என்கிட்ட எத்தனை தடவை கேட்டும் சொல்ல மாட்டேங்குறா. நீங்களே போய்ப் பாருங்கன்னு சொல்றா."

என்னிடம் சொல்லியிருந்தாள். ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்த அந்த முகத்தைப் பார்த்ததும் சேர்த்து வைத்திருந்த கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"ஆடாம நேரா உக்காருங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்து அவர் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்தேன்.